காபியைப் பாராட்டும் முன்: மூளை முதுமை ஆய்வுகளைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'காபி குடிக்கும் முதியவர்களுக்கு ஞாபகசக்தி அதிகம்' என்று செய்தி வந்தால், அடுத்த டம்ளருக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று மகிழ்கிறோம். நானும் மகிழ்ந்தவன்தான். ஆனால் அவர்கள் சிறு வயதிலேயே கெட்டிக்காரர்களாக இருந்திருந்தால்? அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

கேட்டாலும், எழுபது வயதுக்காரரின் பள்ளிக்கால மதிப்பெண்ணுக்கு எங்கே போவது? ஸ்காட்லாந்தில் அது இருந்தது. 1932 ஜூன் 1 அன்று, 1921இல் பிறந்த 87,498 பிள்ளைகள் ஒரே அறிவுத்திறன் தேர்வை எழுதினார்கள். 1947இல், 1936இல் பிறந்த 70,805 பேர் எழுதினார்கள். பல பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த அந்த மதிப்பெண் பேரேடுகளை 1990களில் தூசு தட்டி எடுத்தவர்கள் ஆய்வாளர்கள் இயன் டியரியும் லாரன்ஸ் வேலியும். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் டியரி அதன்பின் செய்த ஆய்வுகளில் பெரும்பகுதி அந்தப் பேரேடுகளிலிருந்து முளைத்ததுதான். 1998 ஜூன் 1 அன்று, சரியாக 66 ஆண்டுகள் கழித்து, அபர்டீன் மியூசிக் ஹாலில் 73 முதியவர்கள் அதே தேர்வை அதே 45 நிமிடத்தில் மீண்டும் எழுதினார்கள்.

காபிக்கு வருவோம். 1936இல் பிறந்த குழுவினரில், 70 வயதில் காபின் அதிகம் உட்கொண்டவர்களின் மதிப்பெண் கூடுதலாகத்தான் இருந்தது. பதினோரு வயது மதிப்பெண்ணையும் சமூகப் பின்னணியையும் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு பெரும்பாலும் காணாமல் போயிற்று.

அப்படியானால் எல்லாம் பதினோரு வயதிலேயே முடிவாகிவிட்டதா? அப்படி நினைப்பது எதிர்த்திசைத் தவறு. 66 ஆண்டு இடைவெளியில் எழுதிய இரு தேர்வுகளுக்கும் இடையிலான ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு; முழுதும் ஒத்துப்போனால் 1) 0.63. ஒன்று மற்றதன் வேறுபாட்டில் எத்தனை பங்கை விளக்குகிறது என்று அறிய இதை வர்க்கப்படுத்தினால் ஏறத்தாழ 0.40 வரும். முதுமையில் ஒருவருக்கொருவர் காணும் வேறுபாட்டில் ஐந்தில் மூன்று பங்கைச் சிறு வயது மதிப்பெண் விளக்கவில்லை.

'மரபணு எத்தனை சதவீதம்?' என்பதும் வழுக்கும் இடம். டியரி குழுவினர் 2012இல், வாழ்நாள் முழுதும் அறிவுத்திறனில் நேரும் மாற்றத்தின் வேறுபாட்டில் ஏறத்தாழ 24 சதவீதத்துக்கு மரபணு காரணமாகலாம் என்று மதிப்பிட்டார்கள். ஆய்வில் இருந்தவர்கள் ஏறத்தாழ 2,000 பேர்தான். பிழை வரம்பு மிக அகலம். அதைவிட முக்கியம், அது மக்கள்தொகைக்கான எண். 'என் மறதியில் கால்வாசி அப்பா கொடுத்தது' என்று தனி ஆளுக்குப் பிரிக்க முடியாது. சோறு வெந்ததில் தண்ணீர் எத்தனை சதவீதம், நெருப்பு எத்தனை சதவீதம் என்று கேட்பது போல அது.

முதுமை மறதி நோயான அல்சைமருக்கான அபாயத்தோடு தொடர்புள்ள ஏ.பி.ஓ.ஈ. (APOE) மரபணுவின் ஈ4 வகையைப் பிறவிக் குறையாக எண்ண வேண்டாம். அதைச் சுமந்தவர்கள் பதினோரு வயதில் மற்றவர்களுக்குச் சளைக்கவில்லை. எண்பது வயதை ஒட்டித்தான் சற்றுப் பின்தங்கினார்கள்.

கடைசியாக, வந்தவர்களை மட்டும் எண்ணும் தவறு. மியூசிக் ஹாலில் உட்கார்ந்தவர்கள், 77 வயதிலும் நடந்து வரத் தெம்புள்ளவர்கள். அதற்குள் இறந்துபோனவர்களுக்கும் படுக்கையில் விழுந்தவர்களுக்கும் பேரேட்டில் இருப்பது 1932ஆம் ஆண்டின் ஒரே ஒரு மதிப்பெண்.