கொம்புத்தேன் எந்தக் கொம்பில்? பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ‘ரீச்’ போடும் வழி

சிங்கப்பூரில் மேல்நிலைத் தேர்வு (ஏ லெவல்) முடிவு வந்தால் அடுத்த சில வாரங்களுக்கு நம் வீடுகளில் வேறு பேச்சே இருக்காது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்காவில் பிரியாணிக்கு வரிசையில் நின்றபோது அக்கா மகள் கைப்பேசியை நீட்டி, “மாமா, ரீச்சுன்னு எதைப் போடட்டும்?” என்றாள். பட்டியலில் ஏழு இருந்தது, ஏழுமே ரீச். “இது பட்டியல் இல்லம்மா, வேண்டுதல்” என்றேன். அக்கா முறைத்தார்.

சரி, ரீச் என்றால் என்ன? கிடைக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாத, ஆனால் கிடைக்கவே கிடைக்காது என்றும் தள்ளிவிட முடியாத இடம். இந்த இரண்டாவது பாதியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, இணையத்தில் இதைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரையில் பாதி அமெரிக்காவுக்காக எழுதியது, அங்கே ‘எந்தக் கல்லூரி’ என்பதுதான் கேள்வி. இங்கே கேள்வி ‘எந்தப் படிப்பு’. உள்ளூரில் இருப்பதே ஆறு தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள், அதில் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்பின் கதவு உங்களுக்காகத் திறந்தே இருக்கும், பக்கத்துப் படிப்பின் கதவைத் தட்டினாலும் திறக்காது. அதனால் ‘என்யுஎஸ்ஸில் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) கிடைக்குமா’ என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள். என்யுஎஸ்ஸில் எது?

அதற்கு ஊகம் வேண்டாம். என்யுஎஸ், என்டியு (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்), எஸ்எம்யு (சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம்) மூன்றும் முந்தைய சேர்க்கையில் இடம் கிடைத்தவர்களின் மதிப்பெண் விவரத்தைப் படிப்புவாரியாக வெளியிடுகின்றன. தொடக்கக் கல்லூரிக்காரர்களுக்கு ஒரு கணக்கு, பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தவர்களுக்கு நாலுக்கு எத்தனை என்று ஜிபிஏவில், அதாவது சராசரி மதிப்பெண்ணில், தனிக் கணக்கு. அதில் 10, 90 என்று இரண்டு எண்கள் இருக்கும். இடம் கிடைத்த நூறு பேரை மதிப்பெண்படி கீழிருந்து மேலாக நிற்கவைத்தால் பத்தாவது ஆள் வாங்கியது எவ்வளவு, தொண்ணூறாவது ஆள் வாங்கியது எவ்வளவு, அவ்வளவுதான் விஷயம். பலர் அந்த 10ஐக் குறைந்தபட்சத் தகுதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். இல்லை, அதற்குக் கீழேயும் சிலர் உள்ளே போயிருக்கிறார்கள். என் கணக்கு இதுதான்: உங்கள் மதிப்பெண் அந்தப் பத்தாவது ஆளை ஒட்டியோ கொஞ்சம் கீழேயோ இருந்தால் அது நல்ல ரீச், ரொம்பக் கீழே இருந்தால் ஆசை, தொண்ணூறாவது ஆளுக்கு மேலே இருந்தால் அது உங்கள் பத்திரமான இடம், பட்டியலில் கட்டாயம் ஒன்று இருக்கட்டும்.

ஆனால் இந்தக் கணக்கு எடுபடாத இடங்களும் உண்டு. என்யுஎஸ் மருத்துவத்திலும் சட்டத்திலும் பல ஆண்டுகளாக அந்தப் பத்தாவது ஆளே எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கியவர்தான். எல்லாரும் முழு மதிப்பெண் என்றால் மதிப்பெண் யாரையும் பிரித்துக் காட்டாது, நேர்முகமும் தனித் தேர்வும்தான் பிரிக்கும். எனவே முழு ஏ வாங்கிய பிள்ளைக்கும் இவை ரீச்தான். “என் பிள்ளைதான் எல்லாத்துலயும் ஏ வாங்கியிருக்கே” என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோருக்கு இதைச் சொன்னால் கோபம் வரும், வரட்டும்.

அப்புறம், அண்ணன் அக்காமாரின் பழைய கணக்கை நம்பாதீர்கள். 2026 சேர்க்கையிலிருந்து தொடக்கக் கல்லூரிக்காரர்களின் சேர்க்கைப் புள்ளிகள் 90க்கு அல்ல, 70க்கு. மூன்று எச்2 பாடங்களுக்கு (முதன்மைப் பாடங்கள்) தலா 20, ஜிபி என்னும் பொதுத்தாளுக்கு 10. நாலாவது பாடம் உங்கள் புள்ளியை உயர்த்தினால்தான் சேர்ப்பார்கள். எச்2வில் ஏவுக்குப் பதில் பி வந்தால் இரண்டரைப் புள்ளி போய்விடும். “நான் 85 வாங்கினேன்” என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள்.

இப்போது முக்கியமான கேள்வி. கிடைத்தால் போவீர்களா? அக்கா மகளிடம் ஒவ்வொன்றாக இதைத்தான் கேட்டேன். லண்டன் ஒன்றைக் காட்டி “போவியா?” என்றால், “போவேன் மாமா” என்றாள். “காசு?” அக்காவைப் பார்த்தாள். அக்கா, “மசேநியில இருக்கே” என்றார், மத்திய சேமநிதியைச் சொல்கிறார். இங்கேதான் பல குடும்பங்கள் இடறுகின்றன. மசேநி கல்விக் கடன் திட்டம் அங்கீகரிக்கப்பட்ட உள்ளூர்ப் படிப்புகளுக்கு மட்டும், லண்டனுக்கு அதிலிருந்து ஒரு வெள்ளிகூட எடுக்க முடியாது. அரசாங்கத்தின் கல்விக் கட்டண மானியமும் இங்கே படித்தால்தான். பொதுச் சேவை ஆணைய உபகாரச் சம்பளம் கிடைத்தால் பெரிய விஷயம், ஆனால் ஆங்கிலம் பேசும் நாட்டில் படித்துவிட்டு வந்தால் 6 ஆண்டு வேலை ஒப்பந்தம், உள்ளூரில் படித்தால் 4. பதினெட்டு வயதில் ஆறு ஆண்டு என்றால் என்னவென்று பிள்ளைக்குத் தெரியாது, நீங்கள்தான் உட்கார்ந்து பேச வேண்டும். அன்று ஏழு நாலாகியது, பிரியாணி வருவதற்குள் மூன்று.

பிரிட்டனுக்குப் போடுவதானால் அங்கத்திய பொது விண்ணப்பத் தளமான யூகாஸில் மொத்தம் ஐந்து இடம்தான், மருத்துவம் என்றால் அதில் நாலு. ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டையும் ஒரே ஆண்டில் போட முடியாது, ஆகவே அங்கே உங்கள் ரீச்சை விதியே பாதி குறைத்துவிடுகிறது. ஐந்தில் இரண்டு ரீச், அதற்கு மேல் வேண்டாம் என்பேன். கவனிக்க வேண்டியது தேதி. ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜுக்கும் மருத்துவத்துக்கும் அக்டோபர் 15 கடைசி நாள், அதாவது பள்ளியின் முன்னோட்டத் தேர்வான பிரிலிம் முடிந்து மேல்நிலைத் தேர்வு நெருங்கும் நேரம். ஒரு ரீச்சுக்காகக் கட்டுரையை இருபது முறை திருத்திக்கொண்டிருந்து வேதியியலில் பி வாங்கிய பையனை எனக்குத் தெரியும். உள்ளூரில் அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டியதும் அதோடு போயிற்று.

அமெரிக்காவில் ஹார்வர்ட், ஸ்டான்ஃபர்டு மாதிரி இடங்களில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை, உங்கள் மதிப்பெண் எதுவானாலும் அது ரீச்தான். வெளிநாட்டுப் பிள்ளைக்குக் காசு இருக்கிறதா என்று பார்க்காமல் இடம் கொடுக்கும் கல்லூரிகள் அங்கே விரல்விட்டு எண்ணக்கூடியவை, ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் அதில் சேரும். மற்ற இடங்களில் உதவி கேட்டாலே வாய்ப்பு குறையலாம். முன்கூட்டியே விண்ணப்பித்துக் கட்டுப்படும் ‘இயர்லி டிசிஷன்’ முறையில், இடம் கொடுத்தால் போயே ஆக வேண்டும். உதவித்தொகையை வேறு கல்லூரியோடு ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பில்லை, காசு இறுக்கமான வீட்டுக்கு அது ஆகாது.

படை, காவல் போன்ற கட்டாயப் பணியான தேசிய சேவைக்குப் போகும் பையன்களுக்கு ஒரு வசதி உண்டு, இதை யாரும் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. முடிவு வந்த ஆண்டிலேயே விண்ணப்பித்து உள்ளூரில் ஒரு இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம், சேவை முடியும்வரை அது காத்திருக்கும். ரீச்சை அதன் பிறகு, கையில் உண்மையான மதிப்பெண்ணோடு, நிதானமாக முயலலாம். பிடித்து வைத்த இடம் அப்போது என்னாகும் என்ற விதியை மட்டும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளூர் விருப்பப் பட்டியலில் ரீச்சை முதலிடத்தில் போடுங்கள், மூன்றாவதாக ஒளித்துவைத்துப் பயனில்லை. கடைசியில், ஆறு பல்கலைக்கழகங்களில் எத்தனை இடம் கிடைத்தாலும் அவற்றின் பொது ஏற்புத் தளத்தில் ஒன்றைத்தான் ஏற்க முடியும். நேர்முகம் உள்ள படிப்புகளின் பதில் தாமதமாக வரும், ஆகவே உறுதியான இடம் வந்த அன்றே அவசரப்பட்டு ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தாமல், கடைசி நாளைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டிவிட்டுக் காத்திருங்கள்.