புது நெட் கனெக்‌ஷனுக்கு மாறிவிட்டீர்கள், பழைய ரவுட்டர் வேலை செய்யவில்லையா?

காவேரிப்பட்டினத்தில் என் அத்தை வீட்டில் இணைய நிறுவனத்தை மாற்றினோம். புது ஆள் வந்து ஃபைபர் ஒயரை இழுத்தார், சுவரில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினார், பழைய ரவுட்டரே போதும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். சாயங்காலம் அத்தையிடமிருந்து போன்: “தம்பி, ஒய்ஃபை கோடு முழுசா காட்டுது, ஆனா ஒண்ணும் ஓடல.”

அந்தக் கோடுகள் போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள தொடர்பை மட்டும்தான் காட்டும். ரவுட்டருக்கு வெளியிலிருந்து நெட் வருகிறதா என்பது வேறு கேள்வி. அதனால் வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாகப் பார்த்து வர வேண்டும்.

முதலில் ஃபைபர் பெட்டி. இதை ஓஎன்யூ என்பார்கள். ‘பான்’ (PON) விளக்கு அணையாமல் எரிந்தால் லைன் சரி. ‘எல்ஓஎஸ்’ (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளியே வரவில்லை, ரவுட்டரில் என்ன செய்தாலும் பயனில்லை. உள்ளே இருப்பது கண்ணாடி இழை. கதவிடுக்கில் நசுங்கியிருக்கலாம், ஆணியில் மடங்கியிருக்கலாம், தெருவில் தாழ்வாகத் தொங்கிய ஒயரை லோடு லாரி இழுத்திருக்கலாம். லைன்மேனைத்தான் கூப்பிட வேண்டும். கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கலாம்.

அடுத்து கேபிள். பெட்டியின் லேன் (LAN) போர்ட்டிலிருந்து வரும் ஒயர், ரவுட்டரின் வான் (WAN) போர்ட்டில், அதாவது வெளியிலிருந்து நெட் உள்ளே வரும் ஓட்டையில், இருக்க வேண்டும். பெரும்பாலும் அது தனி நிறத்தில் இருக்கும். பழைய டெலிபோன் லைன் பிராட்பேண்டுக்கு வாங்கிய மோடமில் போன் ஒயர் செருகும் ஓட்டை மட்டும் இருந்தால், வேறு ரவுட்டர் வாங்குவதே நல்லது.

இனிதான் முக்கியமான இடம். போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒய்ஃபையில் நெட் இல்லை என்று போன் அந்தப் பக்கம் தாவிவிடும், செட்டிங்ஸ் பக்கம் திறக்காது. பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடியுங்கள். சரியான முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே போய் வான் அல்லது இன்டர்நெட் பகுதியைத் திறங்கள்.

அத்தை வீட்டில் அங்கேதான் சிக்கல். பிபிபிஓஇ (PPPoE) என்ற லாகின் முறையில், பழைய நிறுவனத்தின் யூசர்நேமும் பாஸ்வேர்டும் அப்படியே உட்கார்ந்திருந்தன. ரவுட்டர் நாள் முழுக்கப் பழைய சாவியை வைத்துப் புதுப் பூட்டைத் திறக்கப் பார்த்திருக்கிறது.

ஆனால் எல்லா வீட்டிலும் புது யூசர்நேம் போட்டால் சரியாகிவிடாது. நிறுவனத்துக்குப் போன் செய்து ஒரு கேள்வி கேளுங்கள்: “பெட்டி பிரிட்ஜ் மோடில் இருக்கிறதா, ரவுட்டர் மோடில் இருக்கிறதா?” பிரிட்ஜ் என்றால் உங்கள் ரவுட்டரில் பிபிபிஓஇ, அவர்கள் தரும் யூசர்நேம், பாஸ்வேர்டு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறக் கூடாது. ரவுட்டர் மோடு என்றால் பெட்டியே லாகின் செய்துவிடும். அப்போது உங்கள் ரவுட்டரில் டைனமிக் ஐபி (முகவரியைத் தானாகவே வாங்கிக்கொள்ளும் முறை) என்று வைத்தால் போதும். விஎல்ஏஎன் (VLAN, ஒரே லைனில் வரும் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்) ஏதாவது போட வேண்டுமா என்றும் அதே போனில் கேட்டுவிடுங்கள்.

அப்புறமும் வரவில்லையா? சில நிறுவனங்கள் முதலில் இணைந்த கருவியின் மேக் (MAC) முகவரியை, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்ணை, பிடித்து வைத்துக்கொள்ளும். அதை விடுவிக்கச் சொல்லுங்கள். பெட்டி, ரவுட்டர் இரண்டுமே 192.168.1.1 ஆக இருந்தால் மோதும். ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.10.1 என்று மாற்றுங்கள். பிறகு பெட்டியை அணைத்துப் போட்டு, 2 நிமிடம் கழித்து ரவுட்டரைப் போடுங்கள்.

வாட்ஸ்அப் வருகிறது, ஆனால் வெப்சைட் திறக்கவில்லை என்றால் வெப்சைட் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைப் (DNS) பாருங்கள். பழைய நிறுவனத்தின் எண் அங்கே இருக்கலாம். 8.8.8.8 அல்லது 1.1.1.1 போடுங்கள்.

ரீசெட் ஓட்டையில் குச்சி வைப்பது கடைசி வழி. எல்லா செட்டிங்கும் அழிந்துவிடும் என்பதால், புது யூசர்நேம் கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். ரீசெட் செய்தால் ஒய்ஃபையின் பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் ஓர் எழுத்து மாறாமல் திரும்ப வையுங்கள். டிவி, வீட்டையொட்டிய மாந்தோப்புக் கேமரா எல்லாம் தானாகவே வந்து இணைந்துகொள்ளும், ஏணி போட்டு ஏற வேண்டியதில்லை.