வினை நடக்கும் கலனுக்குப் பொருட்கணக்கு எழுதுவது எப்படி?

கலப்பது, வடிகட்டுவது, உலர்த்துவது போன்றவற்றுக்குப் பொருட்கணக்கு (உள்ளே போவது எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு என்ற கணக்கு) போட்டுப் பழகியவர்கள் வேதிவினை நடக்கும் கலனுக்கு, அதாவது ரியாக்டருக்கு, வந்ததும் ஒரே இடத்தில்தான் சறுக்குவார்கள். உள்ளே போன மோலும் வெளியே வரும் மோலும் (மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு; கிலோமோல் என்றால் ஆயிரம் மோல்) சமம் என்று எழுதிவிடுவார்கள். வினை நடந்துவிட்டால் அதை நம்ப முடியாது. மொத்த நிறையும் ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும்தான் மாறாதவை.

அம்மோனியா தயாரிப்பையே எடுத்துக்கொள்வோம்.

படி 1. ஒரு பெட்டி வரைந்து, உள்ளே வரும் அம்பில் தெரிந்ததை எழுதுங்கள்: மணிக்கு 100 கிலோமோல் நைட்ரஜன், 300 கிலோமோல் ஹைட்ரஜன். ஒருமுறை கலனைக் கடக்கும்போது 20% நைட்ரஜன் வினைபுரிகிறது. படம் வரையாமல் மனக்கணக்கில் தொடங்கினால் பாதியில் குழம்புவது நிச்சயம்.

படி 2. சமன் செய்த வினை: நைட்ரஜன் + 3 ஹைட்ரஜன் → 2 அம்மோனியா. ஒவ்வொரு அளவையும் அதன் குணகத்தால் (வினையில் அதற்கு முன்னால் உள்ள எண்; எண் இல்லாவிட்டால் 1) வகுத்துப் பாருங்கள். 100/1, 300/3, இரண்டும் 100. ஹைட்ரஜன் 270 மட்டும் இருந்திருந்தால் 90 வரும்; அப்போது ஹைட்ரஜன்தான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி, அதாவது முதலில் தீர்ந்துபோகக்கூடியது.

படி 3. வினை எவ்வளவு நடந்தது என்பதற்கு ஒரே ஓர் எண் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே அது 20. மற்றதெல்லாம் குணகத்தால் பெருக்கிக் கூட்டிக் கழிப்பதுதான்:

நைட்ரஜன்: 100 − 20 = 80
ஹைட்ரஜன்: 300 − 60 = 240
அம்மோனியா: 0 + 40 = 40

உள்ளே 400 கிலோமோல், வெளியே 360. பதற வேண்டாம், நிறையைப் பாருங்கள் (ஒரு கிலோமோல் நைட்ரஜன் 28 கிலோ, ஹைட்ரஜன் 2, அம்மோனியா 17). உள்ளே 100×28 + 300×2 = 3400 கிலோ. வெளியே 2240 + 480 + 680, அதுவும் 3400. நைட்ரஜன் அணுக்களும் அப்படியே: உள்ளே 200, வெளியே 160 + 40. இந்தச் சோதனையைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 4. மிச்சமான 80, 240 கிலோமோலை யாரும் வீணாக்க மாட்டார்கள். அம்மோனியாவைக் குளிர்வித்துத் திரவமாகப் பிரித்துவிட்டு, மீதியைக் கலனுக்கே திருப்பி அனுப்புவார்கள். பிரிப்பு முழுமையாக நடக்கிறது என்று கொள்வோம். இப்போது ஆலை முழுவதையும் சுற்றி இன்னொரு பெட்டி போடுங்கள். புதிதாக வருவது 20 நைட்ரஜன், 60 ஹைட்ரஜன். வெளியே போவது 40 அம்மோனியா. கலனைப் பொறுத்தவரை மாற்றம் (உள்ளே வந்த நைட்ரஜனில் வினைபுரிந்த பங்கு) 20%, ஆலைக்கோ 100%! கேள்வியில் 'மாற்றம்' என்று வந்தால், எந்தப் பெட்டிக்கு என்பதை முதலில் பாருங்கள்.

படி 5. சரி, காற்றிலிருந்து வரும் நைட்ரஜனோடு ஆர்கானும் ஒட்டிக்கொண்டு வருமே? அது வினைபுரியாது, அம்மோனியாவோடு போகவும் வழியில்லை என்று வைத்தால், சுற்றிச் சுற்றிச் சேர்ந்துகொண்டே இருக்கும். அதனால் திரும்பும் வாயுவில் கொஞ்சத்தை வெளியே விட வேண்டும். கணக்குக்காக மணிக்கு 0.4 கிலோமோல் ஆர்கான் வருகிறது, திரும்பும் வாயுவில் அது 10%க்கு மேல் போகக்கூடாது என்போம். வந்தது அத்தனையும் வெளியேற வேண்டும். ஆக, வெளியே விடும் வாயு 0.4/0.10 = 4 கிலோமோல்.

அதில் 3.6 கிலோமோல் நல்ல வாயு. 1:3 விகிதத்தில் பிரித்தால் நைட்ரஜன் 0.9, ஹைட்ரஜன் 2.7. அதே 40 அம்மோனியா வேண்டுமென்றால் புதிதாக 20.9 நைட்ரஜனும் 62.7 ஹைட்ரஜனும் தர வேண்டும். அப்புறம் ஆலையின் மாற்றம் 20/20.9, அதாவது ஏறத்தாழ 95.7%.