பள்ளித் துப்பாக்கிச் சூடு: பெற்றோரின் கை எட்டும் இடங்கள்

அமெரிக்காவில் ஒரு பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தால் அன்று மாலைக்குள் வீட்டுக்கு வீடு தீர்ப்பு வந்துவிடும். வீடியோ கேம்தான் காரணம், மனநோய்தான் காரணம், கண்டித்து வளர்க்காததுதான் காரணம். ஜப்பானிலும் தென்கொரியாவிலும் பிள்ளைகள் விடிய விடிய அதே கேம்தான் ஆடுகிறார்கள். மனநோய் இல்லாத நாடு கிடையாது. அமெரிக்காவில் கூடுதலாக இருப்பது துப்பாக்கி: 2017 மதிப்பீட்டின்படி பொதுமக்களிடம் சுமார் 39 கோடி, அதாவது தலைக்கு ஒன்றுக்கும் மேல். 2020 முதல் அங்கே 1 முதல் 19 வயதுக்குட்பட்டோர் சாவதற்கு முதல் காரணமே துப்பாக்கிதான். கார் விபத்து இரண்டாமிடத்துக்குப் போய்விட்டது.

ஆனாலும் துப்பாக்கி உள்ள வீடுகள் கோடிக்கணக்கில் இருக்க, ஒரு சில வீடுகளிலிருந்துதான் அது பள்ளிக்குப் போகிறது. அந்தச் சில வீடுகளில் வேறு என்னவெல்லாம் சேர்ந்தன, எந்த இடத்தில் தடுத்திருக்கலாம் என்பது ஓரளவு தெளிவாகவே தெரியும். அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்கள் என்ன செய்யலாம் என்பதை அதை வைத்துத்தான் சொல்கிறோம்.

எப்படிப்பட்ட பையன் என்ற கேள்வி உதவாது

அதிபருக்குக் காவல் இருக்கும் சீக்ரெட் சர்வீஸ், கொலராடோவின் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு (1999 ஏப்ரல் 20) கல்வித் துறையோடு சேர்ந்து 1974 முதல் 2000 வரையிலான 37 தாக்குதல்களை ஆராய்ந்து 2002-இல் அறிக்கை தந்தது. 2008 முதல் 2017 வரையிலான 41 தாக்குதல்களைப் பற்றி 2019-இல் இன்னொரு அறிக்கை வந்தது. இரண்டிலும் ஒரே முடிவு: தாக்கியவர்களுக்குப் பொதுவான சாயல் எதுவும் இல்லை. நன்றாகப் படித்தவன் உண்டு, பெயில் ஆனவன் உண்டு. தனியாக உட்கார்ந்திருந்தவன் உண்டு, நண்பர் கூட்டத்தோடு திரிந்தவனும் உண்டு. ஆகவே கறுப்புச் சட்டை, அதிகம் பேசாத குணம், விசித்திரமான பாட்டு என்று அடையாளம் வைத்துப் பிள்ளைகளை ஒதுக்குவது பயன்படாது. ஒதுக்கப்பட்டவனுக்கு மனக்கசப்பைக் கூட்டிவிடும் என்பதால் தீங்கும் உண்டு.

பொதுவாக இருந்தவை வேறு. மனதில் ஒரு பெரும் குறை, பெரும்பாலும் சக மாணவர்கள்மேல். 2019 அறிக்கையில் வந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் மற்ற மாணவர்களின் கேலிக்கும் கொடுமைக்கும் ஆளானவர்கள். பலர் சாக வேண்டும் என்று ஏற்கெனவே நினைத்தவர்கள், சொன்னவர்கள். வீட்டில் பிரிவு, கைது, போதை என்று ஏதோ ஒன்று குலைந்திருந்தது. பழைய தாக்குதல்களை, முக்கியமாகக் கொலம்பைனை, விழுந்து விழுந்து படித்தவர்களும் உண்டு. கடைசியாக, கை நீட்டினால் எட்டும் இடத்தில் துப்பாக்கி. 2019 அறிக்கையில் துப்பாக்கி பயன்பட்ட சம்பவங்களில் நான்கில் மூன்று பங்கில் அது பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்து வந்தது.

இவற்றில் குலைந்த குடும்பத்தையும் பள்ளிக் கேலியையும் ஒரே வாரத்தில் யாராலும் சரிசெய்ய முடியாது. தாக்கப்போகிறவன் முன்கூட்டியே வாய்விடும் சொல்லைப் பிடிப்பதும் துப்பாக்கியைப் பூட்டுவதும் இன்றே முடியும்.

வாய்விட்ட சொல்லை எப்படிப் பிடிப்பது

2002 அறிக்கையில் பத்துக்கு எட்டு சம்பவங்களில், நடக்கப்போவது குறைந்தது ஒருவருக்காவது முன்கூட்டியே தெரிந்திருந்தது. அந்த ஒருவர் பெரும்பாலும் இன்னொரு மாணவர். அப்பா அம்மாவுக்குத் தெரிவது அபூர்வம். ஆகவே தகவல் முதலில் வந்து சேர்வது உங்கள் பிள்ளையின் போனுக்குத்தான். “கோள் சொல்லாதே” என்று சொல்லி வளர்த்த வீடுகளில் இங்கேதான் சிக்கல். ஒருவனை மாட்டிவிடச் சொல்வது கோள், ஒருவருக்கு ஆபத்து என்று சொல்வது அது இல்லை என்பதை ஆறாம் வகுப்புக்கு முன்பே பேசிவிடுங்கள்.

பதிவைப் பார்த்ததும் முதல் வேலை ஸ்கிரீன்ஷாட். பயனர் பெயர், நாள், நேரம், மேலும் கீழும் இரண்டு மூன்று செய்திகள் எல்லாம் தெரிய எடுக்கவும். ஸ்னாப்சாட்டில் நேரம் கடந்தால் எதுவும் மிஞ்சாது. இன்று, இந்தப் பள்ளி, கையில் ஆயுதம் என்று தெரிந்தால் அவசர எண் 911, வேறு யோசனையே வேண்டாம். அவ்வளவு உடனடியாக இல்லையென்றால் பள்ளி முதல்வருக்கு மின்னஞ்சல், அதோடு உங்கள் பெயரைச் சொல்லாமல் தகவல் தர மாநிலம் வைத்திருக்கும் வழி. கொலராடோவில் சேஃப்-டு-டெல், மிச்சிகனில் ஓகே-டு-சே, யூட்டாவில் சேஃப்-யூடி, பென்சில்வேனியாவில் சேஃப்-டு-சே என்று மாநிலத்துக்கு ஒரு பெயர். உங்கள் மாநிலத்து ஆப்பைப் பிள்ளையின் போனில் இப்போதே ஏற்றி வையுங்கள். பதற்றத்தில் தேட வராது.

எழுதும்போது சுருக்கிச் சொல்வதுதான் எல்லாரும் செய்யும் தவறு. “ஒரு பையன் பயமாகப் பேசுகிறான்” என்றால் அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. “ஒன்பதாம் வகுப்பு, கணித வகுப்பில் இவன், செவ்வாய் இரவு 10.40-க்கு, ‘வெள்ளிக்கிழமை பள்ளிக்கு வராதே’ என்று என் மகளுக்கு எழுதினான். மாமா வீட்டில் துப்பாக்கி இருப்பதாக முன்பு சொல்லியிருக்கிறான்.” இப்படி ஆள், நேரம், சொன்ன வார்த்தை அப்படியே, துப்பாக்கி கைக்கு எட்டுமா என்ற நான்கும் வேண்டும். உங்கள் ஊகத்தைத் தனி வரியில், ஊகம் என்றே எழுதுங்கள்.

ஒரே இடத்தில் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். 2018 பிப்ரவரி 14 அன்று ஃபுளோரிடாவின் பார்க்லாந்தில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். அதற்கு ஆறு வாரம் முன்பு, ஜனவரி 5 அன்று, அந்த ஆளைப் பற்றி ஒருவர் எஃப்.பி.ஐ.யின் தகவல் எண்ணுக்குப் பேசியிருந்தார். அது மயாமி அலுவலகத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. பள்ளிக்கு ஒன்று, காவல்துறைக்கு ஒன்று, மாநில ஆப்புக்கு ஒன்று என்று மூன்று இடத்தில் சொல்லிவிட்டு, மறுநாள் “யார் பார்க்கிறார்கள்?” என்று கேட்டு ஒரு பெயரை வாங்குங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீர்கள். பத்துக் கை மாறியதும் எந்தப் பள்ளி என்பதே மாறிவிடும், முதலில் எழுதியவரைக் கண்டுபிடிப்பதும் கடினமாகும். பிள்ளைக்கும் ஒன்று சொல்லி வைக்க வேண்டும்: விளையாட்டுக்குக்கூட “சுட்டுடுவேன்” என்று எழுதக் கூடாது. 2024-இல் ஃபுளோரிடாவில் 11 வயதுச் சிறுவனையே இதற்காகக் கைதுசெய்து, அழைத்துப் போகும் காட்சியை அந்த ஊர் ஷெரீஃப் இணையத்தில் போட்டார்.

பள்ளி என்ன செய்யும், எங்கே சறுக்கும்

வர்ஜீனியா 2013-இலேயே எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் மிரட்டல் மதிப்பீட்டுக் குழுவைக் கட்டாயமாக்கியது. பிறகு வேறு மாநிலங்களும் செய்தன. நிர்வாகி, கவுன்சிலர் அல்லது உளவியலாளர், பள்ளிக் காவலர் மூவரும் அதில் இருக்க வேண்டும். முதலில் அது கோபத்தில் வந்து அடங்கிப்போகும் பேச்சா, அல்லது ஆள், இடம், ஆயுதம் என்று திட்டம் உள்ளதா என்று பிரிப்பார்கள். முதல் வகைதான் அதிகம். அதை மன்னிப்போடும் பேச்சுவார்த்தையோடும் முடிக்கலாம். இரண்டாவதென்றால் இலக்கானவருக்குச் சொல்வது, காவல்துறை, வீட்டிலுள்ள ஆயுதம், சிகிச்சை எல்லாம் ஒரே நாளில் நடக்க வேண்டும்.

நடக்காதபோது என்ன ஆகும் என்பதற்கு மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டு, 2021 நவம்பர் 30. முந்தின நாள் வகுப்பில் தோட்டா பற்றிப் போனில் தேடிய 15 வயது மாணவனை ஆசிரியர் பார்த்துப் புகார் செய்தார். அன்று காலை கணிதத் தாளில் துப்பாக்கி, ரத்தம், “எண்ணங்கள் நிற்கவில்லை, உதவுங்கள்” என்ற வரி. பெற்றோரை வரவழைத்தார்கள். 48 மணி நேரத்துக்குள் ஆலோசனைக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள். வேலை இருக்கிறது என்று பெற்றோர் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. நான்கு நாள் முன்பு அப்பா வாங்கிய கைத்துப்பாக்கியைப் பற்றி அவர்கள் வாய் திறக்கவில்லை, பள்ளியும் கேட்கவில்லை. பேக்பேக்கை யாரும் திறந்து பார்க்கவில்லை. பையன் வகுப்புக்குத் திரும்பினான். மதியம் ஒரு மணிக்குள் சூடு. நான்கு மாணவர்கள் இறந்தார்கள். 2024-இல் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தலா 10 முதல் 15 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

அந்த அறையில் கேட்கப்படாத மூன்று கேள்விகள் உண்டு. வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, இந்த நிமிடம் எங்கே இருக்கிறது? பை எங்கே, திறக்கலாமா? இன்று இவனோடு யார் இருக்கப் போகிறார்கள்? உங்கள் பிள்ளை விஷயமாகவோ வேறு பிள்ளை விஷயமாகவோ பள்ளி உங்களைக் கூப்பிட்டால் இந்த மூன்றுக்கும் பதில் வராமல் எழுந்திருக்காதீர்கள். “தனியுரிமைச் சட்டம், எதையும் சொல்ல முடியாது” என்பார்கள். மற்றவர் பிள்ளையின் முழு விவரம் தர மாட்டார்கள்தான். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் தேவையானவர்களுக்குத் தகவல் தர அந்தச் சட்டமே விலக்கு வைத்திருக்கிறது.

இன்னொரு சறுக்கல், சஸ்பெண்ட் செய்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பது. வீட்டில் ஆளில்லாமல், மனக்கசப்போடு, துப்பாக்கி உள்ள அறைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தால் அது பாதுகாப்பு இல்லை. வெளியே அனுப்புவதென்றால் யார் பார்த்துக்கொள்வார், வாரம் எத்தனை முறை யார் பேசுவார் என்று எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்கள் என்பது அவர்கள் சங்கத்தின் பரிந்துரை. நாடு முழுக்க எடுத்தால் 370-ஐத் தாண்டுகிறது. கவுன்சிலர் தானாகக் கூப்பிடுவார் என்று காத்திருந்தால் மாதம் போய்விடும். நீங்கள்தான் கூப்பிட வேண்டும்.

துப்பாக்கியைப் பூட்டுவது

நம் வீட்டில் இல்லை என்று இந்தப் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள். பிள்ளை விளையாடப் போகும் வீட்டில் இருக்கலாம். அமெரிக்காவில் பத்தில் நான்கு பேர் துப்பாக்கி உள்ள வீட்டில்தான் இருக்கிறார்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் அலர்ஜி பற்றிச் சொல்லும் அதே மூச்சில் கேளுங்கள்: “இவனுக்கு வேர்க்கடலை ஆகாது. வீட்டில் நாய் உண்டா? துப்பாக்கி இருந்தால் பூட்டித்தானே இருக்கிறது?” பொறுப்பாக வைத்திருப்பவர் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு: மிகவும் மலிவானது கேபிள் பூட்டு. பல காவல் நிலையங்களில் இலவசமாகவே தருகிறார்கள். செமி-ஆட்டோ கைத்துப்பாக்கி என்றால் வாய்ப்பகுதியை ஆளில்லாத பக்கம் திருப்பி, முதலில் மேகஸினை (தோட்டாக்கள் அடுக்கிய கூட்டை) கழற்றவும். பிறகு ஸ்லைடை (மேலே நகரும் பகுதியை) முழுவதும் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் அறைக்குள் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்க்கவும். மேகஸினை எடுத்ததும் காலியாகிவிட்டது என்று நினைப்பதால்தான் விபத்து நடக்கிறது; அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கும். காலி என்று உறுதியானதும் கேபிளை, தோட்டா உறை வெளியேறும் மேல் வாசல் வழியாக விட்டு மேகஸின் குழி வழியாக வெளியே இழுத்துப் பூட்டவும். தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு பூட்டில். கேபிள் சின்னக் குழந்தையைத் தடுக்கும்; கேரேஜில் கம்பி வெட்டும் கருவி இருக்கும் வீட்டில் 15 வயதுப் பையனைத் தடுக்காது. பதின்வயதுப் பிள்ளை இருந்தால் தரையோடு போல்ட் போட்ட இரும்புப் பெட்டியே வேண்டும்.

சாவி சட்டைப்பையில், எண் பிறந்தநாள், பெட்டி துணி அலமாரியில் என்பதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியும். 2006-இல் வந்த ஓர் ஆய்வில், “எங்கே இருக்கிறதென்று என் பிள்ளைக்குத் தெரியாது” என்ற பெற்றோரில் 39 சதவீதத்தினரின் பிள்ளைகள் அந்த இடத்தைச் சரியாகச் சொன்னார்கள்.

சந்தேகம் நம் வீட்டிலேயே என்றால்

நேராகக் கேளுங்கள்: “சாகணும்னு தோணுதா? யாரையாவது காயப்படுத்தணும்னு தோணுதா?” கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. “மார்க் குறைஞ்சதுக்கா இப்படி?” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். தற்கொலை எண்ணம், மன நெருக்கடிக்கான உதவி எண் 988-க்குப் போன் செய்தால் இரவு பகல் எப்போதும் ஆள் இருப்பார். மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். வீட்டில் துப்பாக்கி இருந்தால் அன்றே வெளியேற்றுங்கள். காவல் நிலையம், சில துப்பாக்கிக் கடைகள், உறவினர் வீட்டுப் பெட்டி என்று வழிகள் உண்டு. உறவினரிடம் கொடுக்கும்முன் மாநிலச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயது வந்தவர் தானே வாங்கிவைத்த துப்பாக்கி என்றால், இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ‘ரெட் ஃப்ளாக்’ சட்டம் இருக்கிறது: ஆபத்தானவர் என்று தெரிந்தால் அவரிடமுள்ள துப்பாக்கியைக் கொஞ்ச காலத்துக்கு எடுத்துவைக்க நீதிமன்றம் உத்தரவிடும். 1999-இல் கனெக்டிகட்தான் முதலில் கொண்டுவந்தது. பல மாநிலங்களில் குடும்பத்தாரே மனு போடலாம், சிலவற்றில் காவல்துறை மட்டும். ஸ்கிரீன்ஷாட்டுகளையும் தேதிவாரியாக எழுதிய குறிப்பையும் கொண்டுபோனால் நீதிபதி அன்றே தற்காலிக உத்தரவு தர வாய்ப்புண்டு. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் முழு விசாரணை, முழு உத்தரவு வழக்கமாக ஓராண்டு. கெடு முடிந்தால் துப்பாக்கியைத் திரும்பக் கேட்கலாம். நீட்டிக்க வேண்டுமென்றால் முடியும் முன்பே மறுபடி மனு போட வேண்டும். உத்தரவு கைக்கு வந்த அன்றே, முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முந்தைய ஒரு நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.