ஷீட் ஓட்டை சொல்லிக்கொடுத்த சூரியன்

சென்னை காசிமேட்டில் நாங்கள் முன்பு இருந்தது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீடு. ஆணி ஓட்டை கோணல்மாணலாக இருக்கும். அதன் வழியே தரையில் விழும் வெயிலோ எட்டணாக் காசு மாதிரி வட்டமாக இருக்கும். அது ஓட்டையின் வடிவமல்ல, சூரியனின் படம். 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று எங்கள் தெரு வேப்பமரத்தடியில், இலை இடுக்கு வழியே வெயில் பிறை பிறையாக விழுந்ததும் இப்படித்தான். அதே வித்தையில் சூரியனையே அளந்துவிடலாம்.

முதலில் ஒன்று: சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். ஓட்டை வழியாகவும் கூடாது, கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே ஃபிலிம் எதுவும் காப்பாற்றாது. முதுகைக் காட்டி நின்று படத்தை மட்டும் பாருங்கள்.

படி 1: கிழக்கே, எங்களுக்குக் கடல் பக்கம், பார்த்த ஜன்னலை அட்டையால் மூடி, நடுவில் சின்னதாக வெட்டி, சில்வர் ஃபாயில் ஒட்டுங்கள். பிரியாணி பார்சலில் வந்ததே போதும், கழுவிக்கொள்ளுங்கள்.

படி 2: ஃபாயிலில் குண்டூசியால் 1 மி.மீ. துளை. நான் முதலில் ஆணியால் குத்திவிட்டு, சூரியனின் குறுக்களவு 17 லட்சம் கி.மீ.க்கு மேல் என்று கணக்குப் போட்டு அசடு வழிந்தேன். துளை பெரிதானால் படமும் ஊதிவிடும்.

படி 3: காலை எட்டு மணி வெயிலில், துளையிலிருந்து சரியாக 2 மீட்டரில் வெள்ளைத்தாள் ஒட்டிய அட்டையைப் பிடியுங்கள். படம் முட்டை வடிவில் இருந்தால், வட்டமாகும்வரை அட்டையைச் சாயுங்கள். பென்சிலால் சுற்றி வரைந்துவிடுங்கள், சட்டென்று. இரண்டே நிமிடத்தில் படம் தன் அகலத்துக்கு நகர்ந்துவிடும். நகர்வது நாம், அதாவது பூமி.

படி 4: வரைந்த வட்டத்தின் குறுக்களவை அளந்தால் எனக்கு 19 மி.மீ. வந்தது. துளைக்காக 1 கழித்தால் 18. சூரியன் இருக்கும் தூரம் சுமார் 15 கோடி கி.மீ. படத்துக்கும் தாளின் தூரத்துக்கும் (2 மீட்டர், அதாவது 2000 மி.மீ.) உள்ள விகிதம்தான் சூரியனுக்கும் அதன் தூரத்துக்கும். எனவே அந்தத் தூரத்தை 18ஆல் பெருக்கி 2000ஆல் வகுத்தால் சூரியனின் குறுக்களவு 13.5 லட்சம் கி.மீ. உண்மை அளவு சுமார் 13.9 லட்சம். குண்டூசிக்கு இது மோசமில்லை.

இப்போது அட்டையை மறுபடி சாய்த்துப் பாருங்கள். படம் நீள நீள வெளிச்சம் மங்கும். அதே வெயில் அதிக இடத்தில் பரவுகிறது. பூமி சூரியனுக்கு மிக அருகில் போவது ஜனவரித் தொடக்கத்தில், 14.7 கோடி கி.மீ.யில். ஆனாலும் மார்கழியில் குளிர்கிறதே, அப்போது வெயில் நமக்குச் சாய்ந்து விழுவதுதான் காரணம். ஏப்ரல் 24 வாக்கில் சென்னைக்கு நேர் உச்சியில் சூரியன். அன்று பகல் 12 மணி 7 நிமிடத்துக்கு மொட்டைமாடியில் ஒரு தண்ணீர் பாட்டிலை நிறுத்திவையுங்கள்; அதன் நிழல் காலடியிலேயே ஒடுங்கியிருக்கும்.