ஸ்மாஷ் வருவதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

வியாசர்பாடி, கொளத்தூர், தண்டையார்பேட்டைப் பக்கம் விடியற்காலையில் இறகுப்பந்து ஆட வருகிறவர்களிடம் எங்கே தடுமாறுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "ஸ்மாஷ் அடித்தால் பந்து கண்ணுக்கே தெரியவில்லை" என்பார்கள். ஸ்மாஷ் என்றால் பந்தை மேலிருந்து கீழ்நோக்கி ஓங்கி அடிப்பது. பல ஆண்டுகளாக அவர்களோடு ஆடுகிறவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன்: கண்ணில் குறையில்லை. எதிராளி மட்டையை ஓங்குவதற்கு முன்பே நாம் தவறு செய்துவிடுகிறோம்.

முதல் தவறு, பந்தைப் பாதி உயரத்துக்கும் பாதித் தூரத்துக்கும் தூக்கிக் கொடுப்பது. நாம் தூக்கும் பந்து (லிஃப்ட்) எதிராளியின் கடைசிக் கோட்டை ஒட்டி விழ வேண்டும். நடு ஆடுகளத்தில் விழுந்தால் அவர் செங்குத்தாக இறக்குவார். அதற்கு மருந்தே கிடையாது. ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் திறந்த வெளியில் ஆடுகிறவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். மாலையில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். மேற்குப் பக்கம் நிற்பவர் வழக்கமான பலத்தில் தூக்கினால் பந்து எதிர்க்காற்றில் நின்று பாதியிலேயே இறங்கிவிடும். அந்தப் பக்கம் நிற்கும்போது கூடுதல் பலம் கொடுங்கள். முடியாவிட்டால் தூக்கவே தூக்காதீர்கள்.

அடுத்தது, தூக்கிவிட்டு அங்கேயே நின்றுவிடுவது. 2023இல் இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த ஸ்மாஷ் உலக சாதனையாகப் பதிவானது. ஆனால் அது மட்டையை விட்டுக் கிளம்பிய கணத்தின் வேகம். 16 இறகுகளும் சுமார் 5 கிராம் எடையும் கொண்ட பந்து காற்றை எதிர்த்து வெகு சீக்கிரம் தளர்ந்துவிடும். ஓரடி பின்னால் நின்றால், தளர்ந்த பந்தைச் சந்திக்கக் கொஞ்சம் கூடுதல் நேரமும் கிடைக்கிறது.

எல்லாவற்றையும்விட அதிகமாக நான் பார்ப்பது பிடியில் நடக்கும் தவறு. பயத்தில் மட்டையின் கைப்பிடியை நெரிக்கிறார்கள். இறுகிய கையில் மணிக்கட்டு திரும்பாது, விரல் வேலை செய்யாது. கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் தளர்வாகப் பிடித்து, பந்து மட்டையில் படும் கணத்தில் மட்டும் விரல்களை இறுக்க வேண்டும். ஸ்மாஷைத் திருப்பப் பெரிய வீச்சு தேவையே இல்லை. வேகத்தை எதிராளியே கொடுத்துவிட்டார். மட்டையைப் பின்னால் இழுத்து ஓங்குகிறவர் இழுத்து முடிப்பதற்குள் பந்து தரையில் கிடக்கும். முழங்கை உடம்பை விட்டு முன்னே நிற்கட்டும், மட்டை இடுப்புக்கு மேலே உங்களுக்கு முன்னால் இருக்கட்டும். பந்தை உடம்புக்கு முன்னாலேயே சந்தித்துவிட வேண்டும்.

உடம்பைக் குறிவைத்து வரும் ஸ்மாஷுக்குப் பலர் முன்கையால், அதாவது உள்ளங்கை பந்தைப் பார்க்கும்படி, திருப்ப முயன்று, முழங்கை விலாவில் இடித்துக்கொண்டு திணறுகிறார்கள். கைப்பிடியின் அகலமான பட்டையில் கட்டைவிரலை வைத்துப் புறங்கையால், அதாவது கையின் பின்பக்கம் பந்தைப் பார்க்கும்படி, எடுங்கள். வலக்கை ஆட்டக்காரருக்கு இடப்பக்கம் முதல் வலது இடுப்புவரை அது ஒன்றே காவல்.

கால்களைப் பற்றி ஒரு வார்த்தை: குதிகாலில் நிற்காதீர்கள். எதிராளி அடிக்கும் நேரத்துக்கு மிகச் சிறிய ஒரு துள்ளல் போட்டு முன்பாதங்களில் இறங்கினால் எந்தப் பக்கமும் கிளம்பலாம்.

திருப்பி எங்கே அனுப்புவது? மறுபடி அதே ஆளுக்கு உயரத் தூக்குவதைத்தான் நம்மில் பெரும்பாலோர் செய்கிறோம். வலையை ஒட்டி மெதுவாகப் போட்டுப் பாருங்கள். ஸ்மாஷ் அடித்தவர் பின்னாலிருந்து ஓடி வர வேண்டும். இரட்டையரில் அவருடைய கூட்டாளி வலையருகே காத்திருந்தால், அவருக்கு எட்டாதபடி பக்கவாட்டில் தட்டையாக அனுப்புங்கள்.

பயிற்சிக்கு ஆடுகளம் வேண்டியதில்லை. சந்துச் சுவர் போதும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, பழைய பந்தைப் புறங்கையால் சுவரில் தட்டிக்கொண்டே இருங்கள், கீழே விழாமல் இருபது முறை. கை வலித்தால் பிடி இறுகிவிட்டது என்று பொருள். நிறுத்தி, விரல்களைத் தளர்த்தி, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுங்கள்.