குறிப்பேடும் பேரேடும்: வேலைகளையும் திட்டங்களையும் ஒரே நோட்டில் ஒழுங்குபடுத்தும் முறை

செய்ய வேண்டிய வேலைகளைத் தாளில் பட்டியலிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் 'மின்கட்டணம் கட்ட வேண்டும்' என்கிற அரை மணி நேர வேலையும் 'தங்கை திருமணம்' என்கிற ஆறு மாத வேலையும் அடுத்தடுத்த வரிகளாக எழுதப்படும்போது, சின்ன வேலைகள் ஒவ்வொன்றாக அடிக்கப்பட்டுப் போக, பெரிய வேலை மட்டும் அதே இடத்தில் நின்று, சில நாட்களில் நோட்டைத் திறக்கவே மனம் வராதபடி செய்துவிடுகிறது. இந்தச் சிக்கலுக்கான தீர்வு சென்னை சவுகார்பேட்டைக் கணக்குப்பிள்ளைகளின் மேசையில் நெடுங்காலமாகவே இருக்கிறது. அன்றன்று நடக்கும் கொடுக்கல் வாங்கலைத் தேதி வரிசையில் குறிப்பேட்டில் எழுதுவார்கள். பிறகு ஒவ்வொன்றையும் உரியவரின் கணக்கில், அதாவது பேரேட்டில் எடுத்தெழுதி, இரண்டுக்கும் இடையே பக்க எண்ணால் தொடர்பு ஏற்படுத்துவார்கள். மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் படித்த எவருக்கும் இது தெரிந்ததே. பணத்துக்கு உரிய இந்த முறையை வேலைக்கும் பொருத்தி, இரண்டு ஏடுகளையும் ஒரே நோட்டுக்குள் கொண்டுவருவதைத்தான் இங்கே விளக்குகிறேன்.

முதலில் நோட்டு. பாரிமுனையை ஒட்டிய ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகளுக்குக் குறைவில்லை. அங்கே விலையுயர்ந்த தோல் அட்டை டயரிகளும் கிடைக்கும், ஆனால் அவை தேவையில்லை. கெட்டி அட்டையும் தையல் பைண்டிங்கும் கொண்ட, கோடு போட்ட 192 பக்க நோட்டு போதும். கம்பிச் சுருள் நோட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். தாளைக் கிழிப்பது அதில் எளிது, ஒரு தாள் கிழிந்தாலும் பக்க எண் வரிசை அறுந்துவிடும், இந்த முறை முழுவதும் பக்க எண்ணை நம்பியே நிற்கிறது. கடையிலோ பட்டறையிலோ ஒரே இடத்தில் அமர்ந்து வேலை செய்பவர்களுக்கு நீள நோட்டு வசதி. பேருந்திலும் ரயிலிலும் போய்வருபவர்கள் கைப்பைக்குள் அடங்கும் அளவில் வாங்கிக்கொள்ளலாம். எழுதுவதற்கு பால்பாயிண்ட் பேனாவே நல்லது. அதன் மை எண்ணெய் கலந்தது. ஊற்றுப்பேனா மையைப் போல நீரில் எளிதில் கரைந்து ஓடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வியாசர்பாடி, புளியந்தோப்புத் தெருக்களில் முழங்கால் அளவு நீரில் நடந்து வீடு சேர்பவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல. மழைக்காலத்தில் நோட்டை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொள்வதும் நல்லது.

நோட்டை வாங்கியதும் 1 முதல் 192 வரை எல்லாப் பக்கங்களுக்கும் எண் இட்டுவிடுங்கள். முதல் பக்கம் பொருளடக்கம். 2 முதல் 5 வரையிலான நான்கு பக்கங்களில், பக்கத்துக்கு மூன்று மாதமாக, பன்னிரண்டு மாதங்களுக்கும் இடம் ஒதுக்குங்கள். ஆறாம் பக்கத்திலிருந்து குறிப்பேடு தொடங்கி முன்னோக்கி வளரும். பேரேடு நோட்டின் கடைசியிலிருந்து பின்னோக்கி வரும்: முதல் திட்டத்துக்கு எதிரெதிரான 190, 191 பக்கங்கள், அடுத்ததற்கு 188, 189 என்று. எத்தனை பக்கம் நாள்குறிப்புக்கு, எத்தனை பக்கம் திட்டங்களுக்கு என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. இரு பக்கமிருந்தும் எழுதிவந்தால் அந்தக் கணிப்பே தேவைப்படாது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நோட்டு முடிகிறது.

குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளும் தேதியிட்டு, அன்றைக்குரிய வேலைகளை வரிக்கு ஒன்றாக, முன்னால் ஒரு சிறு கட்டத்துடன் எழுதுங்கள். பகலில் நினைவுக்கு வருவது, தொலைபேசியில் யாரோ கேட்டது, வழியில் தோன்றிய யோசனை எல்லாம் அதே பக்கத்தில் வரிசையாகச் சேரலாம். அந்த நேரத்தில் வகை பிரிக்க வேண்டாம். முடிந்த வேலையின் கட்டத்தில் டிக் போடுங்கள். பெரிய வேலையைச் சேர்ந்த வரி எனில், வலது ஓரத்தில் அதன் பேரேட்டுப் பக்க எண்ணை எழுதுங்கள். குறிகள் இவ்வளவே போதும். பல வண்ணப் பேனாக்களும் பத்துப் பன்னிரண்டு குறிகளும் கொண்ட ஏற்பாடு பார்க்க அழகாயிருக்கும், வேலை நெருக்கும் நாளில் கைவிடப்படும்.

பேரேட்டுப் பக்கத்தை எழுதுவதற்குத்தான் நேரமும் யோசனையும் செலவிட வேண்டும். காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். படகைப் பழுதுபார்க்க அதுவே வாய்ப்பு. எல்லாப் படகுகளும் அப்போதே கரையேறுவதால் ஆசாரியும் மெக்கானிக்கும் கிடைப்பதும் அரிது. இவர் 190-ஆம் பக்கத்தின் தலைப்பில் 'படகு வேலை' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. 'ஜூன் 15 அன்று டீசல், ஐஸ், வலையுடன் படகு புறப்படத் தயாராக நிற்க வேண்டும்' என்று, வேலை முடிந்ததை எதைக்கொண்டு அறிவோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். அதன் கீழே கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி யோசிக்க வேண்டும்: பெயிண்ட் காய்வதற்கு நாள் வேண்டும், அதற்கு முன் பலகை மாற்றி முடித்திருக்க வேண்டும், அதற்கு முன் மரம் வந்திருக்க வேண்டும், அதற்கும் முன் ஆசாரி நேரில் வந்து எந்தப் பலகை பழுது என்று பார்த்திருக்க வேண்டும். இப்படிப் பின்னோக்கி வரும்போது, தடை தொடங்குவதற்கு முன்பே, ஏப்ரல் முதல் வாரத்தில், ஆசாரியிடம் பேசிவிட வேண்டும் என்பது தானாகவே தெரியவரும். வெறும் பட்டியல் இதைக் காட்டாது.

படிகளை எழுதும் விதத்திலும் கவனம் வேண்டும். 'இன்ஜின்' என்பது ஒரு தலைப்பு. 'மெக்கானிக்கிடம் போன் செய்து சர்வீஸ் தேதி கேட்க' என்பதுதான் செய்யக்கூடிய செயல். முடிக்கப்படாத வேலைகள் மனத்தை அரித்துக்கொண்டே இருப்பது பற்றி மாசிகாம்போ, பாமைஸ்டர் என்னும் இரு உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும்: வேலையை முடிக்காவிட்டாலும், எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாகத் தீர்மானித்தவர்களின் கவனத்தை அந்த வேலை குறுக்கிடுவது குறைந்தது. ஆகவே ஒவ்வொரு திட்டத்திலும் அடுத்த ஒரு செயலாவது இத்தகைய தெளிவுடன் இருக்கட்டும்.

எதிரே உள்ள 191-ஆம் பக்கம் விவரங்களுக்கு உரியது: தொலைபேசி எண்கள், கொட்டேஷன், கொடுத்த முன்பணம், வாங்க வேண்டிய பொருள்கள். அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதியைப் பிறரை எதிர்பார்த்து நிற்கும் வேலைகளுக்கு ஒதுக்குங்கள். யாரிடம், எதை, எந்தத் தேதியில் கேட்டோம், எந்தத் தேதியில் தருவதாகச் சொன்னார் என்ற நான்கும் ஒரே வரியில் இருந்தால், 'அண்ணே, போன திங்கட்கிழமை தருவதாகச் சொன்னீர்களே' என்று மரியாதை குறையாமல், ஆனால் தேதியுடன் கேட்க முடியும். நடைமுறையில் ஒரு திட்டம் தாமதமாவது பெரும்பாலும் இந்த வரிகளில்தான். திட்டத்தின் பெயரையும் பக்க எண்ணையும் அன்றே பொருளடக்கத்தில் ஏற்றிவிடுங்கள்.

வாரம் ஒருமுறை, பெரும்பாலோருக்கு ஞாயிறு காலை, ஓர் அரை மணி நேரம் நோட்டுடன் உட்கார வேண்டும். அந்த வாரத்தில் டிக் போடப்படாத ஒவ்வொரு வரிக்கும் ஒரு முடிவு தேவை: புதிய வாரத்துக்குக் கையால் மறுபடி எழுதுவது, மாதப் பக்கத்துக்கு மாற்றுவது, பேரேட்டில் சேர்ப்பது, அல்லது கோடிட்டு அடித்துவிடுவது. வடிவமைப்பாளர் ரைடர் கேரல் 2013-இல் பொதுவெளியில் அறிமுகப்படுத்திய, நோட்டில் வேலைகளைக் குறித்துவைக்கும் புல்லட் ஜர்னல் முறையின் உயிர்நாடியும் இந்தப் பெயர்த்தெழுதுதலே. சில தொலைபேசிச் செயலிகளில் முடிக்காத வேலை தானாகவே மறுநாளுக்கு நகர்ந்துவிடும். நோட்டில் அதைக் கைவலிக்க எழுத வேண்டியிருப்பதால், அது உண்மையிலேயே செய்யத்தக்கதா என்ற கேள்வி எழுகிறது. மூன்றாம் முறையாக ஒரே வரியை எழுத நேர்ந்தால் நிறுத்தி யோசியுங்கள்: அது சிறு படிகளாகப் பிரிக்கப்பட வேண்டிய பெரிய வேலையாக இருக்கும், அல்லது நாம் செய்யப்போவதில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாக இருக்கும். இதே நேரத்தில் பேரேட்டுப் பக்கங்களையும் புரட்டி, ஒவ்வொரு திட்டத்திலிருந்தும் அடுத்த செயலை வரும் வாரத்துக்கு எடுத்தெழுதுங்கள். ஒரே வாரத்தில் நான்கு திட்டங்களுக்கு மேல் நகர்த்த முயல்வது வீண் என்பது என் எண்ணம்.

மாதப் பக்கங்களில் இரு மாதங்களுக்கு ஒருமுறை வரும் மின்கட்டணம், ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும் அரையாண்டுச் சொத்துவரி, பள்ளிக் கட்டணம், வாகனக் காப்பீடு போன்றவை இருக்கட்டும். குறிப்பிட்ட மணிக்குச் செய்ய வேண்டியவற்றைத் தொலைபேசி அலாரத்திடம் விட்டுவிடலாம். நோட்டு மணியடித்து அழைக்காது. நோட்டு தொலைந்துபோகும் அபாயத்துக்கு, வாரம் ஒருமுறை நோட்டுடன் உட்காரும் வேலை முடிந்ததும் பொருளடக்கத்தையும் பேரேட்டுப் பக்கங்களையும் போனில் படமெடுத்து வைப்பது போதுமான காப்பு.

நோட்டு நிறைந்ததும் அதன் முதுகில் தொடங்கிய, முடிந்த தேதிகளுடன் ஒரு வரிசை எண்ணையும் எழுதுங்கள். நடந்துகொண்டிருக்கும் திட்டங்களின் பழைய பக்கங்களை முழுதாக நகலெடுக்க வேண்டாம். மீதமுள்ள படிகளை மட்டும் புதிய நோட்டில் எழுதி, தலைப்பருகே '1/190' என்று பழைய நோட்டின் எண்ணையும் பக்கத்தையும் குறித்துவிட்டால், ஆசாரிக்குக் கொடுத்த முன்பணத்தின் தேதியை அடுத்த ஆண்டு தேடும்போதும் நேராக அந்தப் பக்கத்துக்கே போகலாம்.